சோற்றுப் பானை ஏறாத வீடு

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதுவும் முழுசாக இல்லை. சத்தியமங்கலத்துக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்துப் பிழைத்த குடும்பம். மழை இல்லாத ஒரு வருசம் என்னைக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டினேன். கூட்டிக்கொண்டே லேத்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாடகைக் கொட்டகை ஒன்றில் ஒரு மோட்டாரையும் ஒரு கல்லையும் வைத்து, மாவாட்டும் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தேன். ஒரு வருசம் தாங்க மாட்டான் என்று சொன்னவர்கள் வீட்டிலேயே இன்றைக்கு என் கிரைண்டர்தான் ஓடுகிறது. சாய்த்து மாவு வழிக்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றபோது எனக்குப் படம் வரையத் தெரியாது. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் போட்டே கல்லைச் சாய்க்கிற கீலை அமைத்தேன். இன்னும் உடையவில்லை. சரவணம்பட்டியில் இடம் வாங்கியபோது சுற்றிலும் வெறும் காடு. அங்கே போய் யார் குடியிருப்பார்கள் என்று சிரித்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் அந்தத் தெருவில் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். மகனையும் மகளையும் படிக்க வைத்தேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மகளை இதே ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. விசேஷ வீடுகளில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். இன்னொன்றும் செய்தேன். அதை மட்டும் யாரும் என் பேரில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். என் மனைவியின் சர்க்கரை இறங்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருசம் ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு, நடக்க வேண்டியது நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. முதலில் மாடிப்படி ஏறுவது நின்றது. அடுத்தது வாசல் தெளிப்பது. கடைசியில் குளியலறைக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலேயே இருக்கிற அடுப்பங்கரைக்கு மட்டும் சுவரைப் பிடித்து நகர்ந்து போய்ச் சமைத்துவிடுவாள். வேலைக்கு வரும் பெண் பிடிக்கலாம்தான். இவள் கேட்கமாட்டாள், கூச்சம். மத்தியானம் நான் பட்டறையில் இருந்து வரும்வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே. இது எனக்குத் தெரியவந்ததே ரொம்பத் தாமதமாகத்தான்.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "மூட்டு மாத்துனா நல்லா நடப்பாங்க. ஆனா இந்தச் சக்கரையில கத்தி வெக்க மாட்டேனுங்க. புண்ணு ஆறாது. எறக்கிட்டு வாங்க, செஞ்சரலாம்" என்றார்.

ஆக, சர்க்கரை இறங்கினால் அவள் நடப்பாள். இறங்காவிட்டால் இந்த நாற்காலிதான். விசயம் இவ்வளவுதான்.

சர்க்கரை டாக்டரிடம் போனோம். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கென்றே ஒரு அம்மா இருக்கிறார். இட்லி, தோசை வேண்டாம். மத்தியானம் சோறு ஒரே ஒரு கரண்டி. மிச்சத்துக்குக் காய், கீரை, முட்டை, கொஞ்சம் பருப்பு என்று சொல்லி அனுப்பினார். வாழ்நாள் பூராவும் இட்லிமாவு ஆட்டுகிற மிசினைச் செய்து விற்றவன் வீட்டில் இட்லி வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் சரி என்றோம். அவள் தட்டில் ஒரு கரண்டிச் சோறுதான். நானே பார்த்தேன். எனக்கு வழக்கம்போல முழுச் சாப்பாடு.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. மறுபடி மறுபடி பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நெசத்தைச் சொல்லுங்க. திருட்டுத்தனமா என்ன திங்கறீங்க?"

"ஏங் கண்ணு, நானு திருடியா? என்ற ஊட்ல நானு எதுக்குத் திருடித் திங்கோணும்?" என்று என் மனைவி அழுதுவிட்டாள். ஒரு கரண்டிக்கு மேல் தின்னவில்லை என்று முருகன் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அவள் பொய்ச்சத்தியம் செய்கிறவள் இல்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. கிரைண்டர் சூடாகிறது என்று கம்ப்ளெயின்ட் வந்தால் நான் உடனே மோட்டாரைக் கழற்றமாட்டேன். அந்த வீட்டுக்குப் போய் ஓரமாக நின்று, அவர்கள் எப்படி அரிசி போடுகிறார்கள், எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று பேசாமல் பார்ப்பேன். பாதி நேரம் கோளாறு மிசினில் இருக்காது. அதே மாதிரி ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினவன் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் சோற்றுப் பானை. அதிலேயே மோரை ஊற்றிப் பிசைந்து, அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, என்ன பண்றே?"

திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. "பானை கழுவோணுமில்லீங்க. மிச்சங் கெடக்குது."

"ஒரு கரண்டிதான திங்கறதாச் சத்தியம் பண்ணினே?"

"ஆமாங்க. அது தட்டுல தின்னது. இது பானையில கெடந்ததுங்க. கொட்டச் சொல்றீங்களா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டில் போட்டுத் தின்றால்தான் அவளுக்குச் சாப்பாடு. பானையில் மிஞ்சியதை வழித்துத் தின்பது பாத்திரம் கழுவுவதில் சேர்த்தி. கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அவள் கடைசியில்தான் சாப்பிடுவாள், மிஞ்சியதைத்தான் சாப்பிடுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான், என் அம்மாவும் அப்படித்தான். டாக்டர் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு அவள் சொன்னது முழுக்க நிஜம்.

அளவாகப் பொங்கு என்றேன். "ஆராச்சும் வந்தா?" என்றாள். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் வரப்போகிறவருக்கு ஒரு பிடி சேர்த்துத்தான் உலையில் போடுவார்கள். தினமும் ஆள் வருமா? வராது. அந்த ஒரு பிடி யார் வயிற்றுக்குப் போகும்? இவள் வயிற்றுக்குத்தான். ராத்திரி இட்லியும் அப்படித்தான். எனக்கு ஊற்றுகிற இட்லியில் இரண்டு மிஞ்சும். காலையில் அதை உதிர்த்துத் தாளித்து, "வீணாப் போயிருமுங்க" என்று நின்றபடியே தின்றுவிடுவாள்.

இதற்கு ஒரே வழிதான் என்று முடிவு செய்தேன். எனக்காக உலை வைக்கிற வரைக்கும் மிச்சம் இருக்கும். மிச்சம் இருக்கிற வரைக்கும் அவள் தின்பாள். அதனால் உலையே வேண்டாம், அவளுக்குச் சொன்ன அந்த ஒரு கரண்டியும் வேண்டாம். அவள் என்ன தின்கிறாளோ அதையே நானும் தின்பேன்.

எனக்குச் சர்க்கரை கிடையாது. ரத்தக் கொதிப்பு கிடையாது. என் வயசில் பாதிப் பேருக்கு இல்லாத பலம் எனக்கு இருக்கிறது. கிரைண்டர் கல்லை இன்னமும் ஒரே ஆளாகத் தூக்குவேன். அப்படிப்பட்டவன் சோற்றை விடுகிறேன் என்றால், ஒருத்தர் கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை.

மகள் சொன்னாள், "அப்பா, உங்குளுக்கு எதுக்குங்க இது? வயசான காலத்துல எளைச்சுப் போவீங்க. அம்மாளுக்குச் சொல்லிப் புரிய வெப்போம்."

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, கொடுமுடியில் இருந்து போன் போட்டான். "ஏனுங் மச்சான், எங்கக்காளுக்கு நோவு. நீங்க பத்தியம். அப்ப ஆராச்சும் மாசமா இருந்தா நீங்க சாம்பல் திம்பீங்களா?"

"உன்ற பொண்டாட்டி மாசமா இருந்தப்ப மாங்காய பூராம் நீதான்டா தின்னே" என்றேன். போனை வைத்துவிட்டான்.

எல்லாரையும்விடப் பெரிய எதிர்ப்பு என் மனைவிதான். "ஆம்பளைக்குச் சோறாக்காத ஊடுன்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? என்னாலதான நீங்க பட்டினி கெடக்கறீங்க? எனக்குக் காலே வேண்டாமுங்க, நானு இப்படியே இருந்துக்கறேன்" என்றாள். சோறு ஆக்கிப் போடுவதுதான் அவளுக்கு என் மேல் இருந்த அதிகாரம். அதைப் பிடுங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "நீ நடக்கோணும். நானு சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்."

நான் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டேன். அரிசி மூட்டையைப் பட்டறை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், ரவை, மைதா, பிஸ்கட், மகன் அனுப்பிய சாக்லேட், தேன் பாட்டில் எல்லாம் போயிற்று. காப்பியில் சர்க்கரை இல்லை. வாழைப்பழத்தாரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். இனிப்பு என்று நாக்கில் வைக்க ஒரு பொட்டுக் கூட வீட்டில் இல்லாமல் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

முதல் பத்துப் பதினைந்து நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலை கனக்கும். வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பீர்க்கங்காய்ப் பொரியலைச் சோறு மாதிரி குவித்துவைத்து, அதன்மேல் பச்சைப்பயறு கடைசலைக் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து தின்றேன். காலையில் முட்டை. சாயங்காலம் நிலக்கடலை ஒரு கை, மோர். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி, அதன் குழம்பை ஊற்றிக்கொள்ளச் சோறு இல்லாமல் கிண்ணத்தில் குடித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணம் ஆனதில் இருந்து அதுவரைக்கும் அப்படி உட்கார்ந்ததே இல்லை. இப்போது மிஞ்சினாலும் சுரைக்காய்தான் மிஞ்சும். வழித்துத் தின்றுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடம்பு இளைத்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, சோறு வேண்டாம், பொரியல் மட்டும் வையப்பா என்றேன். பக்கத்து இலைக்காரர் ரொம்ப வருத்தமாக, "உங்குளுக்குமா வந்துருச்சுங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கிரைண்டர் விற்கிற கடைக்காரர்கள் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. இரண்டு பேர் ஆரஞ்சுப்பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற முகத்தோடு வந்து நின்றார்கள். ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்றார். நான் கல்லைத் தூக்கிக் காட்டினேன். பழத்தையும் டப்பாவையும் அவர்கள் வண்டியிலேயே திரும்ப வைத்து அனுப்பினேன்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் கீழே விழுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது. "ஏம்புள்ள?" என்றால் என்னமோ சொல்கிறாள், வார்த்தை குழறுகிறது. நாக்கு கனத்துப்போன மாதிரி.

உடனே மகளுக்குப் போன் போட்டேன். கேட்டதும் கத்தினாள். "லோ சுகருப்பா! முழிச்சிருக்காங்களா? முழுங்க முடியுமா? அப்ப சக்கரை குடுங்க, சீக்கிரம்!"

"சக்கரை எங்கீது?"

"என்னப்பா, ஊட்ல சக்கரை இல்லியா?"

"இல்லை."

"வெல்லம்? தேன்? பழம்?"

"எதுவும் இல்ல கண்ணு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், கதவு பூட்டியிருந்தது. பேக்கரி மெயின் ரோட்டில் இருக்கிறது. அவளைத் தனியாக விட்டுவிட்டு ஓடுவதா? அடுப்பங்கரையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். சீரகம், மிளகு, கடலை. நான் செய்த வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் சாமி அலமாரி கண்ணில் பட்டது. தைப்பூசத்துக்கு மச்சினன் பழனிக்கு நடந்து போய்விட்டு வந்து, ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்திருந்தான். வீட்டைத் துடைத்துக் காலி செய்தபோது அதையும் கையில் எடுத்தேன். சாமி பிரசாதம். எறியவும் மனசு வரவில்லை, நோவு கிடக்கிற வீட்டில் இருந்து எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன்.

மூடி இறுகியிருந்தது. ஸ்பேனர் பிடித்த கை, திறக்காமல் விடுமா? ஸ்பூனைத் தேடவில்லை. விரலில் எடுத்து அவள் வாயில் வைத்தேன். சப்பினாள், முழுங்கினாள். மறுபடி வைத்தேன். மகள் போனிலேயே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் என்னைப் பார்த்தது. அவள் தெளிவாகச் சொன்ன முதல் பேச்சு இது:

"கை கழுவாம சாமி சாமானத்தத் தொட்டீங்களா?"

சாயங்காலமே டாக்டரிடம் போனோம். மகளும் வந்துவிட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நாங்கள் என்ன தின்கிறோம் என்று சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு நாளா சுத்தமாச் சோறே இல்லியா? அதைய எங்கிட்ட ஏனுங்க சொல்லல? நான் குடுத்த மாத்திரை சோறு திங்கறவங்களுக்கு. சாப்பாட்டைக் கொறைச்சா மாத்திரையும் கொறைக்கோணும். நீங்க ஒண்ண மட்டும் மாத்திட்டு இன்னொண்ண அப்படியே உட்டுட்டீங்க."

அது எனக்கு உடனே விளங்கியது. சின்னக் கல்லை மாட்டிவிட்டுப் பெரிய கல்லுக்குப் போட்ட மோட்டாரையே ஓட்டினால் என்ன ஆகும்? எங்களிடம் வருகிறவர்களுக்கு நானே சொல்கிற பேச்சுதான்.

மகள் விடவில்லை. "டாக்டர், அப்பாவும் சேர்ந்து திங்கோணுமா? அவரு சாதாரணமாச் சாப்பிட்டிருந்தா ஊட்ல சக்கரையாவது இருந்திருக்கும்."

டாக்டர் என்னைத் தராசில் ஏற்றினார், ரத்தம் எடுத்தார். அப்புறம் சொன்னார். "அவருக்கு நோவு இல்ல, இப்படிச் சாப்பிடோணும்னு கட்டாயம் இல்ல. காயி, முட்டை திங்கறது நல்லதுதான். ஆனா இந்த வயசுல இன்னும் எளைக்கக் கூடாது. அவருக்கு ஒரு வேளையாச்சும் தானியம் வேணும்."

வெளியே வந்ததும் என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்கள்ல? நாளைக்கு உலை வெக்கறேன்."

"நம்மூட்டுல உலை ஏறாது. எனக்குத் தானியம் வேணும்னாரே தவிர, நம்மூட்டுலதான் திங்கோணும்னு சொல்லல" என்றேன்.

அப்புறம் இப்படி வைத்துக்கொண்டேன். மத்தியானம் பட்டறையில், பிள்ளைகளுக்கு மெஸ்ஸில் இருந்து வருகிற சாப்பாட்டில் எனக்கும் ஒன்று. சோறு, குழம்பு, ரசம் எல்லாம் தின்பேன். அங்கே மிஞ்சினால் அங்கேயே. காலையும் ராத்திரியும் வீட்டில் அவளோடு உட்கார்ந்து, அவள் தின்கிறதே எனக்கும். மத்தியானம் அவளுக்குத் தனியாகக் காய் வெந்துவிடும். சோற்றுப் பானை ஏறாததால் வழித்துத் தின்ன ஒன்றும் இருக்காது. சாமி அலமாரியில் சர்க்கரை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். அதில் கை வைக்க அவளுக்குத் தைரியம் வராது. முருகன் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மாத்திரையை டாக்டர் குறைத்தார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று வேலைக்கு வரும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்தோம்.

யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். நோவு இல்லாதவனும் நோவு உள்ளவளோடு ஒரே பானையில் தின்ன வேண்டும். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தின்ன வேண்டும். வீட்டில் ஒரு டப்பா சர்க்கரை இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டிய சோற்றை அவன் வெளியே போய்த் தின்றுகொள்ளட்டும். இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டிய தேவை இல்லை.

சர்க்கரை இறங்கியது. எலும்பு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாள் குறித்தார். முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொன்று. புண் ஆறியது. வாக்கரைப் பிடித்து நடந்தவள், குச்சியைப் பிடித்து நடந்து, அப்புறம் அதையும் சுவர் மூலையில் சாய்த்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன். "வாரேனுங்க" என்று குளியலறையில் இருந்து குரல் வந்தது. தானாகவே போயிருக்கிறாள். தானாகவே வந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு காலியாக இருந்தது. பட்டறையின் முதல் கிரைண்டர் ஓடியபோது கூட நான் அப்படி நின்று பார்க்கவில்லை.

போன மாதம் சொந்தபந்தமெல்லாம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் நடப்பதைப் பார்த்து ஆளாளுக்கு ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தர் எலும்பு டாக்டரின் கைராசி என்றார். ஒருத்தர் அந்தச் சாப்பாட்டு அம்மாவின் போன் நம்பர் கேட்டார். மகள் தினமும் போன் போட்டு விசாரித்ததைச் சொன்னார்கள். சரிதான், எல்லாம் உண்டுதான். அப்போது மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானு மட்டும் பழனிக்கு நடந்து போகலீன்னா அன்னிக்கு எங்கக்கா என்ன ஆயிருப்பா?" என்றான். எல்லாரும் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

என் மனைவி என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் சாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகன்தான் காப்பாத்துனாரு. எல்லாம் என்ற தம்பி நடந்த நடை" என்றாள்.

நான் பேசவில்லை. வந்தவர்கள் முன்னால் நம் பேச்சை நாமே எடுப்பது அழகல்ல. இப்போது எழுதுகிறேன். அவன் நடந்தது நிஜம். ஆனால் அந்த டப்பாவை எறியாமல் வைத்தது யார்? அதைத் திறந்தது யார்? அதைவிட முக்கியமானது, உலை ஏறாமல் இந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தோமே, அதில் ஒருத்தர் யார்? சுரைக்காயைச் சோறு என்று நினைத்துத் தின்றது எந்தச் சாமியும் இல்லை, எந்த டாக்டரும் இல்லை.

அதனால் இதைப் படிக்கிற என் மகள், இதை அவள் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த முறை யாராவது வந்து, எப்படிம்மா நடக்கிறீர்கள் என்று கேட்டால், அவள் என் பேச்சையும் எடுக்க வேண்டும், நான் அங்கே இருக்கும்போதே எடுக்க வேண்டும். முதலிலேயே சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முருகனுக்கு அடுத்து வைத்தால் போதும். ஆனால் அவள் தம்பிக்கு முன்னால்.